கார்த்திகையில் கியோட்டோ: போகிறவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும்

ஐப்பசியும் கார்த்திகையும் நம் பழைய கணக்கில் கூதிர்காலம். இங்கே அதற்கு அடைமழை, காயாத துணி, நமுத்துப்போன முறுக்கு என்று பொருள். அதே கார்த்திகையில்தான் ஜப்பானின் கியோட்டோவில் மேப்பிள் மரங்கள் உச்சமாகச் சிவக்கின்றன. அதைப் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை முதலில். மழைக்கு வீட்டோடு இருப்பவர்களுக்கு அடுப்படி வேலை இரண்டு, கடைசியில்.

தேதியும் உயரமும்

சகுரா எனும் செர்ரிப் பூ தெற்கில் தொடங்கி வடக்கே ஏறும். இலைச்சிவப்பு நேர்மாறு. வடக்கே ஹொக்கைடோவின் தைசெட்சு மலையில் செப்டம்பர் நடுவில் தொடங்கி, மெல்லத் தெற்கே இறங்கி, கியோட்டோ நகருக்குள் வர நவம்பர் மூன்றாம் வாரம் ஆகிவிடும். சில ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரம்வரை இழுக்கும். வெயில் கூடிவருவதால் இப்போதெல்லாம் சிவப்பு முன்பைவிடத் தாமதம். பழைய வழிகாட்டி நூலில் 'நவம்பர் நடு' என்று இருந்தால் அதை நம்பி விமானச்சீட்டு எடுக்காதீர்கள்.

இலை நாள்காட்டி பார்ப்பதில்லை. இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் நிறம் மாற ஆரம்பிக்கும். 5, 6 டிகிரிக்கு இறங்கினால் வேகம் பிடிக்கும். பச்சையம் சிதைந்ததும், ஏற்கெனவே இலைக்குள் இருக்கும் மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. கிங்கோ மரம் மஞ்சளாவது அப்படித்தான். மேப்பிளின் சிவப்பு புதிதாக உண்டாவது: இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து, வெயில் பட்டு உருவாகும் ஆந்தோசயனின் என்ற நிறமி அது. அதனால்தான் ஒரே மரத்தில் வெயில் படும் கிளை தீப்பிடித்தாற்போல் இருக்க, நிழல் பக்கம் பாதிச் சிவப்போடு நின்றுவிடுகிறது.

இதில் பயணத் திட்டத்துக்கு உதவுகிற கணக்கு ஒன்று உண்டு. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். 800 மீட்டர் உயரமுள்ள மலையில் நகரத்தைவிடக் கிட்டத்தட்ட 5 டிகிரி குளிர் கூடுதல். அங்கே இரண்டு, மூன்று வாரம் முன்னதாகவே சிவந்துவிடும். ஆகவே 'உச்சநாள்' எது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கியோட்டோவை மையமாக வைத்து ஐந்து நாள் தங்குவது நல்லது. போய் இறங்கும்போது நகரம் இன்னும் பச்சையாக இருந்தால் மேலே ஏறுங்கள். உதிர்ந்துவிட்டிருந்தால் தாழ்ந்த இடங்களுக்கு வாருங்கள்.

மேலே என்றால்: கோயாசான் என்ற கோயில் மலை, சுமார் 800 மீட்டர், நவம்பர் தொடக்கத்திலேயே சிவந்துவிடும். கியோட்டோவின் வடமேற்கு மலையோரம் தகாவோ, நவம்பர் முதல் பாதி. கூராமாவும் ஓஹாராவும் நவம்பர் நடுவில். தாமதமாகப் போகிறவர்களுக்கு நகருக்குள்ளேயே ஷிமோகாமோ ஆலயத்தை ஒட்டிய தாதசு நோ மோரி என்ற காடு இருக்கிறது. அங்கே டிசம்பர் முதல் வாரத்திலும் நிறம் நிற்கும்.

செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஜப்பானிய வானிலை நிறுவனங்கள் இலை முன்னறிவிப்பு வெளியிட ஆரம்பிக்கும். பிறகு அவ்வப்போது திருத்துவார்கள். அதில் வரும் மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். 'இரோசுகி ஹஜிமே' என்றால் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது; 'மிகோரோ' என்றால் பார்க்கத் தக்க பருவம்; 'சிரி ஹஜிமே' என்றால் உதிர ஆரம்பித்துவிட்டது. மூன்றாவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பாசி மேல் சிவப்பு இலை மெத்தையாகக் கிடப்பதை 'ஷிகி மோமிஜி' என்பார்கள். யமாஷினாவிலுள்ள பிஷாமொன்தோ கோயிலின் படிக்கட்டு அதற்குப் பெயர் போனது. கியோட்டோ நிலையத்திலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம், அங்கிருந்து 20 நிமிட நடை. மரத்தில் இருக்கும் சிவப்பைவிடத் தரையில் கிடக்கும் சிவப்புதான் அழகு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சீட்டு, தங்குமிடம், பெட்டி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கும், பயோமெட்ரிக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியர்களுக்கும் குறுகியகாலச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு 2024 ஏப்ரல் முதல் மின்விசா. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: விசா அறிவிப்பை விமான நிலையத்தில் கைபேசியில் இணையத்தோடு திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளோ ஸ்கிரீன்ஷாட்டோ செல்லாது. இறங்கிய உடனே இணையம் கிடைக்க ஒரு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து புறப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நீங்கள் போகும் காலம் நம் ஊரில் புயல் காலம். மிக்ஜாம் புயலன்று, 2023 டிசம்பர் 4-இல், சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலுக்கும் அதே கதை. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறுகிறீர்கள் என்றால் இரண்டு விமானமும் ஒரே சீட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தவறும்போது இரண்டாவதன் பணம் போனது போனதுதான். திரும்பி வந்த மறுநாளே அலுவலகத்தில் முக்கிய வேலை என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நவம்பரில் கியோட்டோ அறை வாடகை தாறுமாறாக ஏறும். நவம்பர் 3-உம் 23-உம் அரசு விடுமுறை; அவை வார இறுதியோடு ஒட்டிக்கொண்டால் அந்த மூன்று நாளும் நகரத்தை விட்டு விலகியிருப்பதே புத்தி. அறை கிடைக்காவிட்டால் ஒசாகாவைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அது அரைமணி நேர ரயில். மற்ற பக்கம், பிவா ஏரிக்கரையில் இருக்கும் ஓட்சு வெறும் 10 நிமிடத்தில் வந்துவிடும். அங்கே பாருங்கள்.

ஜே.ஆர். பாஸ் என்ற ரயில் பயண அட்டை இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள் இல்லை. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000-க்குத் தாவியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசோமி அதிவேக ரயிலில் ஒருவழி ஏறக்குறைய 14,000 யென்தான். போய்வர மட்டும் என்றால் தனிச்சீட்டே மலிவு. நகருக்குள் இக்கோகா அட்டை வாங்கிக்கொண்டால் பேருந்து, ரயில் இரண்டுக்கும் ஆகும். 500 யென் முன்பணம். ஐஃபோனில் இவ்வகை அட்டையை உள்ளேயே ஏற்றலாம். ஜப்பானுக்கு வெளியே விற்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதற்கான சில்லு வேலை செய்யாது, பிளாஸ்டிக் அட்டைதான்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வருகிறதா என்று வீட்டிலேயே அளந்துவிடுங்கள். வந்தால் டோக்கியோ, கியோட்டோ வழி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் கிடையாது. செய்யாமல் ஏறினால் 1,000 யென். இதைவிட நல்ல வழி, விடுதி முகப்பில் கொடுத்து அடுத்த விடுதிக்குப் பெட்டியை அனுப்பிவிடுவது. 'தக்யூபின்' என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். ஒரு நாள் மாற்றுத்துணியைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோ நிலையத்துப் பூட்டுப்பெட்டிகளை நம்பிப் போகாதீர்கள், இந்தப் பருவத்தில் காலை நேரத்திலேயே நிரம்பிவிடும்.

ஒரு நாளை எப்படி ஓட்டுவது

நவம்பர் கடைசியில் கியோட்டோவில் மாலை நாலே முக்காலுக்குச் சூரியன் மறைந்துவிடும். மலை சூழ்ந்த ஊர் என்பதால் பள்ளத்தாக்குக் கோயில்களில் மூன்று மணிக்கே வெளிச்சம் போய்விடும். நம் ஊர்ப் பழக்கத்தில் பத்து மணிக்குக் காலை உணவு, பதினொன்றுக்குப் புறப்பாடு என்றால் பாதி நாள் காலி.

தோஃபுகுஜி கோயிலுக்கு முதல் ஆளாகப் போங்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா வழித்தடத்தில் ஒரே நிறுத்தம், பிறகு 10 நிமிட நடை. பள்ளத்தாக்கைக் கடக்கும் சூதென்கியோ மரப்பாலத்திலிருந்து கீழே பார்த்தால் மேப்பிள் உச்சிகள் சிவப்பு மேகம்போல் கிடக்கும். வாசலில் கதவு திறப்பதற்கு அரைமணி முன்னால் நின்றால் அதைப் பார்க்கலாம். பத்து மணிக்குப் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கலாம். உச்ச நாட்களில் பாலத்தின்மேல் நின்று படமெடுக்கத் தடை போடுவார்கள். மீறாதீர்கள்; ஒருவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்க வேண்டும்.

தகாவோவுக்குக் கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். பேருந்து, ஏறக்குறைய 50 நிமிடம். இதில் ஒரு குழப்பம் உண்டு. டோக்கியோவுக்குப் பக்கத்திலும் தகாவோ என்று பிரபலமான மலை இருக்கிறது. வரைபடத்தில் அவசரமாகத் தேடினால் அதைத்தான் காட்டும். 'யமாஷிரோ தகாவோ' நிறுத்தம் என்று தேடுங்கள். இறங்கியதும் ஆற்றுக்குப் படி இறக்கம், பாலம், பிறகு ஜிங்கோஜி கோயிலுக்கு நானூறை நெருங்கும் கல்படிகள் ஏற்றம். முழங்கால்வலிக்காரர்கள் யோசிக்க வேண்டிய இடம். மேலே போனால் கோயிலின் கடைக்கோடியில் சின்னக் களிமண் தட்டுகள் விற்பார்கள். பீடை தொலையட்டும் என்று அதைப் பள்ளத்தாக்கில் வீசவேண்டும். தட்டின் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, மணிக்கட்டைச் சுழற்றி எறிந்தால் வெகுதூரம் மிதந்து போகும். அப்படியே ஆற்றோரம் நடந்தால் சைமியோஜி, கோசான்ஜி இரண்டும் வந்துவிடும். மூன்றுக்கும் சேர்த்து அரைநாள்.

கூராமா போகும் எய்ஸான் ரயிலில் இச்சிஹாராவுக்கும் நினோசேவுக்கும் நடுவே 250 மீட்டருக்கு மேப்பிள் குகைபோல் இருக்கும். இருட்டிய பிறகு விளக்குப் போடும் நாட்களில், ரயிலுக்குள் விளக்கைக் குறைத்துவிட்டு மெதுவாக ஓட்டுவார்கள். இரவில் எய்கான்தோ கோயிலிலும் விளக்கு அலங்காரம் உண்டு. பகல் சீட்டு வாங்கியவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மாலைக்குப் புதுச் சீட்டு விற்பார்கள். ஒரே சீட்டில் இரண்டையும் பார்க்கலாம் என்று உள்ளேயே காத்திருப்பது வீண். கோயில்களில் நுழைவுக்கு 500 முதல் 1,000 யென்வரை ஆகும்; பல இடங்களில் ரொக்கம்தான்.

மழை பெய்தால் முகம் சுளிக்காதீர்கள். நனைந்த மேப்பிளின் சிவப்பு இரண்டு மடங்கு ஆழம். கைபேசியில் எடுக்கும்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் சிவப்பு வெளுக்காது. வெயில் நாளில் இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று எடுங்கள். முக்காலி பெரும்பாலான கோயில்களில் கூடாது.

உடுப்பில் சென்னைவாசிகள் செய்யும் தவறு, ஒரே ஒரு பெரிய கோட்டு வாங்குவது. பகலில் 15 டிகிரி, இரவில் 6. வெளியே நடுங்கும், பேருந்துக்குள் வெப்பம் போட்டு வியர்க்கும். உள்ளே தெர்மல், நடுவே மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே காற்றுப் புகாத மேலங்கி என்று மூன்றாக வைத்துக் கழற்றிக் கழற்றிப் போடுங்கள். அதைவிட முக்கியம் காலுறை. கோயிலுக்குக் கோயில் செருப்பைக் கழற்ற வேண்டும். பளபளவென்று தேய்ந்த அந்த மரத்தரை பனிக்கட்டி மாதிரி சில்லிடும். தடித்த, ஓட்டையில்லாத காலுறை. கயிறு கட்டத் தேவையில்லாத காலணி.

சைவக்காரர்களின் பாடு

ஜப்பானில் 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்லி வாங்கும் உணவில் பெரும்பாலும் மீன் இருக்கும். காரணம் தாஷி. உலர்த்திய மீனைச் சீவி ஊறவைத்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், பொரித்த டோஃபுவின்மேல் ஊற்றும் குழம்பு எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. கண்ணுக்குத் தெரியாது என்பதால் பரிமாறுகிறவருக்கே அது 'மீன்' என்று தோன்றாது. எனவே இப்படிச் சொல்லுங்கள்: 'நிகு மோ சகானா மோ தபெமாசென். கட்சுவோ தாஷி மோ தமே தெஸ்.' கறியும் மீனும் சாப்பிடமாட்டேன், மீன் தாஷியும் ஆகாது என்று பொருள். கடையில் பொட்டலங்களைக் கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கவலையின்றிச் சாப்பிட வேண்டுமானால் 'ஷோஜின் ரியோரி' என்ற கோயில் சமையலைத் தேடுங்கள். தாஷிக்குக் கடற்பாசியும் காளானும்தான். கோயாசானில் ஐம்பதுக்கு நெருக்கமான கோயில்கள் இரவு தங்க அறையும் இந்தச் சாப்பாடும் தருகின்றன. மாலை உணவு ஐந்தரை, ஆறு மணிக்கே. தாமதமாகப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், பிறகு மலைமேல் கேபிள் வண்டி.

கைவசம் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா இருந்தால் பெரிய தைரியம். கடைகளில் 200 கிராம் வெந்த சோற்றுப் பொட்டலம் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சிப் பண்டம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்; விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். நம் ஊர் மின்கெண்டியும் வேண்டாம். அங்கே 100 வோல்ட். 230 வோல்ட் கெண்டியில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே உட்கார்ந்திருக்கும். கைபேசி சார்ஜருக்குத் தட்டை இரட்டை முள் அடாப்டர் போதும்.

கூதிரில் அங்கே வாங்கித் தின்ன வேண்டியவை: மொறுமொறுவென்று கடிக்கும் ஃபுயு வகைச் சீமைப்பனிச்சைப் பழம் (பெர்சிமன்), சுட்ட செஸ்ட்நட், எல்லாவற்றுக்கும் மேலாக 'யாகி இமோ'. சூடான கல்லில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பல்பொருள் அங்காடி வாசலிலேயே மணக்கும்.

அந்தக் கிழங்கை நம் வீட்டில்

சர்க்கரைவள்ளி, இலங்கையில் வத்தாளங்கிழங்கு, இங்கே மலிவு. குக்கரில் மூன்று விசில் விட்டு எடுத்தால் வெந்திருக்கும், இனித்திருக்காது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரிக்குள்தான் நன்றாக வேலை செய்யும். குக்கர் அந்தக் கட்டத்தைச் சில நிமிடத்தில் தாண்டி, நொதியையே கொன்றுவிடும். மெதுவாகச் சூடேற வேண்டும்.

200 முதல் 250 கிராமுக்குள், நீளவாட்டில் மெலிந்த கிழங்கு எடுங்கள். வெட்டுப்பட்டது வேண்டாம். புதிதாகத் தோண்டியது என்றால் இரண்டு வாரம் காற்றோட்டமான இடத்தில் போட்டு வையுங்கள், இனிப்பு ஏறும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி வேகாமல் கட்டையாகிவிடும். ஓவன் இருந்தால் முன்சூடு செய்யாமல், தோலோடு வைத்து 160 டிகிரியில் 90 நிமிடம். இல்லையென்றால் கனத்த இரும்பு வாணலியில் மூன்று விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணல் பரப்பி, கிழங்கைப் பாதி புதைத்து, மூடி, மிகச் சிறு தீயில் ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி. கால்மணிக்கு ஒருமுறை திருப்புங்கள். கூழாங்கல் போடுவதானால் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். ஈரக்கல் சூட்டில் வெடிக்கும். நான்ஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது. தோல் சுருங்கி, ஓரத்தில் பாகு கசிந்து கருகினால் பதம். வெள்ளைச் சதை உள்ளவை கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும், அது கிழங்கின் குணம்.

கார்த்திகைப் பொரியுருண்டை

தீபத்தன்று எல்லார் வீட்டிலும் செய்வது, பாதிப் பேர் வீட்டில் உதிர்ந்துபோவது. குற்றவாளி பெரும்பாலும் மழைதான்.

ஐந்து கப் நெல்பொரி அல்லது அவல்பொரி. முதலில் புடைத்து உமி எடுங்கள். பிறகு வெறும் வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டுங்கள். இந்த மாதக் காற்றில் பொரி ஈரம் குடித்திருக்கும். விரலில் நசுக்கினால் 'பொருக்'கென்று நொறுங்க வேண்டும். பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, நெய்யில் நன்றாகச் சிவக்க வறுத்தது. பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே உருண்டையைக் கெடுக்கும்.

வெல்லம் முக்கால் கப், தண்ணீர் கால் கப். கரைந்ததும் வடிகட்டி மறுபடி அடுப்பில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். நுரை சிறுத்துப் பாகு கனக்கும்போது ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் ஆகவில்லை. மெத்தென்று உருண்டால் இன்னும் இரண்டு நிமிடம். கெட்டியாக உருண்டு, அதைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கவேண்டும். ஏலக்காய், கால் தேக்கரண்டி சுக்குப்பொடி, தேங்காய் போட்டு உடனே அடுப்பை அணைத்துப் பொரியைக் கொட்டிக் கிளறுங்கள்.

உள்ளங்கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு, சூடு பொறுக்கும் அளவில் பிடியுங்கள். முதலில் தளர்வாக எல்லாவற்றையும் பிடித்துவிட்டு, இரண்டாம் சுற்றில் அழுத்தி உருட்டினால் நேரம் மிச்சம். ஆறி இறுகிவிட்டால் வாணலியை ஒரு நிமிடம் சிறு தீயில் காட்டுங்கள், இளகிவிடும். மறுநாள் பிசுபிசுத்தால் பாகு இளம்பதம். பல் உடைந்தால் முற்றிவிட்டது. முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து உருண்டைமேல் சொட்டும்.